அடுப்பு மூட்டும் நேரம்

ஏப்ரல் 9, வியாழன்

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது, இன்னும் ஆஸ்பத்திரி டூட்டி நேரத்துக்கே விழிப்பு வந்து தொலைக்கிறது. ஜங்லிகாட் சந்தையில் மீன் வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு குணா போலீஸ் யூனிஃபார்மோடு வாசலில் நின்றான்.

"செல்லம் சிஸ்டர், உங்களுக்குச் சிங்களம் தெரியுமில்ல?"

"யாருடா சொன்னது?"

"நீங்கதான். இலங்கைத் தோட்டத்தைப் பத்தி ஆரம்பிச்சா நிறுத்துறீங்களா?"

விஷயம் இது. கேம்பல் பேவுக்குத் தெற்கே ஒரு இலங்கை மீன்பிடிப் படகைப் பிடித்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டிக்கு அடியில் போதைப்பொருள் பொட்டலங்கள். ஆட்கள் நாலு பேரும் சிங்களம் மட்டும்தான் பேசுகிறார்கள். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு மொழிபெயர்ப்பாளர் வரப் பதினைந்து நாளாகுமாம். நாளைக்கு என்னை வரச் சொன்னான். யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம். டைரிக்கு மூச்சு ஏது, எழுதலாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

காட்டன் புடவை, பழைய ஆஸ்பத்திரி வாட்ச். மகள் ரூபா கேட்டாள், "பென்ஷன் ஆபீஸுக்கா இந்த மிடுக்கு?" ஆமாம் என்று பொய் சொன்னேன்.

விசாரிப்பது ஷீலா மேடம். மலையாளி, இந்தியில்தான் பேசுகிறார், சிரிக்கக் காசு கேட்பார் போல. "ஆன்ட்டி, ஜித்னா வோ போலே உத்னா ஹீ" என்றார். அவன் சொன்னதை மட்டும் சொல்லு, சொந்தச் சரக்கு வேண்டாம் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து வருடம் டாக்டர் சொன்னதை நோயாளிக்கும், நோயாளி சொன்னதை டாக்டருக்கும் சொன்னவள் நான்!

மேஜையில் ஒரு திரை. அதில் கொழும்பு போதைத் தடுப்புப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஜயலத். நான் சிங்களத்தில் வணக்கம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சிஸ்டர், நீங்க என் மக மாதிரியே பேசுறீங்க. அவளுக்குப் பதிமூணு வயசு." என்ன செய்வது? பதினாலு வயதில் அப்பா அம்மாவோடு இலங்கையிலிருந்து கப்பலேறி, இங்கே கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். என் சிங்களம் அந்த வயதிலேயே நின்றுபோச்சு.

ஏப்ரல் 11, சனி

சரக்கை நடுக்கடலில் இன்னொரு படகுக்கு மாற்ற வேண்டுமாம். எந்த இடம் என்பது படகிலிருந்த கருவியிலேயே இருக்கிறது. எப்போது என்றுதான் தெரியவில்லை. இவர்கள் பிடிபட்டது வெளியே தெரியாது. அந்த நேரம் வரை இரண்டு படகும் பேசிக்கொள்ளக் கூடாது என்று ஏற்பாடு. ஆக, இரண்டாவது படகு கட்டாயம் வரும்.

நாலு பேரில் சமையல்காரர் வயசானவர். அவர்தான் வாயைத் திறந்தார். "அடுப்பு மூட்டும் நேரத்துக்கு வரச் சொன்னாங்க."

"கௌன்ஸா சூல்ஹா?" என்றார் ஷீலா மேடம். எந்த அடுப்பு? சமையல்காரன், அதனால் அடுப்பைப் பற்றிப் பேசுகிறான் என்று எழுதியும்விட்டார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சிங்களவர்களின் வருஷப் பிறப்பு! அன்றைக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் புது அடுப்பு மூட்டிப் பால் பொங்கவைப்பார்கள். அதற்கு முன்னால் சில மணி நேரம் ஒரு வேலையும் தொடமாட்டார்கள். இலங்கைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீடு, எங்கள் லயம், அதற்குக் கீழே இருந்த சிங்கள வீடுகளில் ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன்.

சொன்னேன். மேடம் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். "பதினாலாம் தேதி. எத்தனை மணி?"

திரையைப் பார்த்தேன், கொழும்பு லைன் அந்தச் சமயம் பார்த்துக் கட்டாகியிருந்தது. மேடம் காத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்தேன்? ரூபாவுக்கு போன் போட்டு, வீட்டுக் காலண்டரில் பதினாலாம் தேதி நல்ல நேரம் பார்க்கச் சொன்னேன். காலை 7.45. கம்பீரமாகச் சொன்னேன். மேடம் உடனே கோஸ்ட் கார்டுக்குப் பேசினார். என் வார்த்தையை நம்பி ஒரு கப்பலே கிளம்புகிறது!

ஏப்ரல் 12, ஞாயிறு

ஐயோ, ஐயோ. நான் ஒரு மடச்சி.

காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அடியில் கண்ணில் பட்டது. சிவகாசியில் அச்சடித்தது. சிவகாசி நல்ல நேரத்துக்குச் சிங்களவன் எதற்கு அடுப்பு மூட்டுவான்? அவர்களுக்குத் தனி ஜோசியர்கள், தனிப் பட்டியல், நேரம் வருஷா வருஷம் மாறும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்!

கப்பல் முன்னாலேயே போய் நின்றால் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். அவ்வளவு சரக்கும் எங்கெங்கே போய்ச் சேரும்? கட்சாலில் நான் வேலை பார்த்தபோது, கரையில் ஒதுங்கிய இதே மாதிரிப் பொட்டலத்தை ஃபாரின் தேயிலை என்று கொதிக்கவைத்துக் குடித்தான் தோட்டத்துப் பழனியாண்டி. மூன்று நாள் அவனைக் கட்டிலோடு அமுக்கிப் பிடித்திருந்தேன். பிழைத்தான், ஆனால் பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை.

கோயிலுக்குப் போகிறேன் என்று ரூபாவிடம் சொல்லிவிட்டு குணாவின் ஸ்கூட்டரில் ஏறினேன். "பயப்படாதீங்க சிஸ்டர், மேடம் கடிக்க மாட்டாங்க" என்றான். கடிக்கத்தான் வந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்: "கல்தி மேரா ஹை, மேடம். தெரியலன்னு சொல்லியிருக்கணும், சொல்ல ஏலாம போச்சு." தப்பு என்னுடையது என்று இந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். அவர் உடனே கொழும்பைக் கூப்பிட்டார்.

ஜயலத் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து ஒரு தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து கேமரா முன்னால் பிடித்தார். இந்த வருஷப் பட்டியல். அடுப்பு மூட்டுவது காலை பத்தேமுக்கால் கடந்து. மூன்று மணி நேர வித்தியாசம்! அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார்: "வருஷப் பிறப்புக்கு எங்க ஊர் படகு எல்லாம் கரைக்கு வந்துரும். இந்த வாரம் வெளிய போனது ஒண்ணே ஒண்ணுதான்." அந்தப் படகின் பெயர், நிறம், எஞ்சின் எல்லாம் அவரிடம் இருந்தன.

கப்பலுக்குப் புது நேரம் போனது. நான் கிளம்பும்போது மேடம் எனக்குச் சாய் சொன்னார். சர்க்கரை போடாமல் கொடுத்தார்கள், நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

தூக்கமில்லை. சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

எங்களுக்கும் வருஷப் பிறப்பு. பாயசத்தை அடுப்பில் வைத்துவிட்டு, ரூபாவைக் கிண்டச் சொல்லிவிட்டு ஓடினேன். இனிமேல் பென்ஷன் ஆபீஸ் கதை எடுபடாது. "ஏதோ பண்றீங்கம்மா, நல்லதாப் பண்ணுங்க" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

திரையில் ஜயலத். பின்னால் ஒரு பெண், அவர் மனைவியாம். புருஷன் வீட்டுக்கு வரமாட்டான் என்றதும் மண்சட்டி, மூன்று கல், விறகு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி அவர் ஆபீஸ் முற்றத்துக்கே வந்துவிட்டார்! நேரம் வந்ததும் பற்றவைத்தார். ஜயலத் ஒரு கண்ணைப் பால் மேலும் ஒரு கண்ணை எங்கள் மேலும் வைத்திருந்தார்.

பதினொன்று. ஒன்றும் இல்லை. பதினொன்றே கால். ஷீலா மேடம் மேஜையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த விரலைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. இந்தத் தடவையும் தப்பென்றால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்?

பதினொன்றே இருபதுக்கு போன். மேடம் கேட்டார், எழுதினார், வைத்தார். "நீலப் படகு. ஆறு பேர். ஒரு குண்டுகூட வெடிக்கல."

அங்கே பால் எப்போதோ பொங்கி அடுப்பே அணைந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஜயலத் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் அழுதுவிட்டேன். குணா போட்டோ எடுத்தான், அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 22, புதன்

இரண்டாவது படகின் ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். மேடம் குணாவை அனுப்பவில்லை, அவரே போன் செய்தார். "ஆன்ட்டி" இல்லை, "செல்லம்ஜி."

படகோட்டி முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்க, அந்த நேரத்தை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்கச் சொன்னார் மேடம். கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான்.

"அந்த நேரத்துல எந்த இலங்கை அதிகாரியும் அடுப்பை விட்டு நகர மாட்டான்னு நெனச்சோம்."

திரையில் இருந்த ஜயலத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மேடத்துக்கு இந்தியில் சொன்னேன், அவன் சொன்னதை மட்டும். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அதை அப்படியே எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். மொழிபெயர்ப்பாளர் என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.