விருந்தாளிக் கோப்பை

டிக்கோயா

அன்பு மகள் பெற்றீசியாவுக்கு, ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் மகள் டிலுக்ஷியும் சுகம், நீயும் அந்த வெயிலில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் ஜீவராணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எனக்கு இருமல், அதெல்லாம் கிடக்கட்டும்.

டிலுக்ஷி பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு நாவல் கொண்டுவந்தாள், அவள் வயசுப் பிள்ளைகளுக்கென்று எழுதியது, அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண்பிள்ளையின் கதை. கடைசி அத்தியாயம் வந்ததும் மூடி என் கையில் தந்து, தாத்தா நீங்க படிச்சிட்டு அம்மா வர்றாங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு என்றாள். சின்னப்பிள்ளைப் புத்தகத்தில் என்ன இருக்கப்போகிறது என்று இளக்காரமாகத்தான் எடுத்தேன். முதலிலிருந்தே படித்தேன், சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. பெரியவர்களுக்கு எழுதுகிறவர்கள் சுற்றி வளைப்பதை இதில் நேராகச் சொல்லிவிடுகிறார்கள்.

அம்மா வருகிறாள் மகளே, பல வருஷம் கழித்து. மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, விருந்தாளிக்கு எடுக்கும் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, சீனி எவ்வளவு போடணும் என்று கேட்கிறாள். அவ்வளவுதான் முடிவு. நான் அழுதுவிட்டேன்.

இன்னும் முடிக்கவில்லை என்று பிள்ளையிடம் பொய் சொன்னேன். நீங்க முடிச்சிட்டீங்கன்னு தெரியும் தாத்தா, சொல்ல வேணாம் என்று புத்தகத்தை வாங்கி, படிக்காமலே நூலகத்தில் கொடுத்துவிட்டாள். முன்பெல்லாம் நீ பேசினால் போனை என்னிடமிருந்து பிடுங்குவாள், இப்போது சாப்பிட்டீங்களா என்று உன்னிடம் கேட்டுவிட்டு என்னிடமே தந்துவிடுகிறாள்.

மார்கழியில் உன் ஒப்பந்தம் முடிகிறது, திரும்பவும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று ஜீவராணி சொன்னாள். போடாதே. கூரை ஒழுகினால் ஒழுகட்டும். அப்பாவும் இல்லாத பிள்ளை, நானும் எத்தனை நாளைக்கு? போன ஞாயிறு டிலுக்ஷி பூசை முடிந்து வந்து, நீ அனுப்பிய பூப்போட்ட கோப்பைகளை எடுத்துக் கழுவித் துடைத்து வைத்தாள். யாருக்கு என்றேன். அம்மா வந்தா குடுக்கத்தான் என்றாள்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், வேளைக்குச் சாப்பிடு, வெறும் தரையில் படுக்காதே. நீ குடிக்கிற காது நெளிந்த எனாமல் கோப்பையை நான் எறியவில்லை, பழைய ஆணியிலேயே தொங்குகிறது. அது அங்கே இருக்கும்போதே வந்துவிடு.

உன் அப்பா,
பத்திநாதன்