மடித்துக் குத்திய காகிதம்

பெரம்பலூர்
12.3.2004

அன்பு மகள் கலைமணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தப் பனி தேசத்தில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். உன் தம்பி பாலாஜிக்கு லப்பைக்குடிக்காட்டில் ஒரு கடையில் வேலை கிடைத்துவிட்டது, காலை பஸ்ஸில் போய் சாயங்காலம் வந்துவிடுகிறான். மழையில்லை, கிணற்றில் முழங்கால் தண்ணீர்தான்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது, ஆறு முறை படித்தேன். பனிக்கட்டிக்கு அடியில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் வாழ்கிற, அரிசிக் குருணை அளவே உள்ள உன் துடுப்புக்காலி என்கிற பிராணி, கடலுக்குள் இருக்கும் மலைத்தொடருக்கு இந்தப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும்தான் உண்டு என்று இருந்ததை, அந்தப் பக்கமும் உண்டு என்று நீ கண்டாய். அதற்கு அடையாளம் ஆணின் ஐந்தாம் கால், இடது நீளம், வலது குட்டை. உன் கட்டுரையின் எழுத்தில் அப்படி இருக்க, படத்தில் இரண்டும் சமமாக இருக்கிறதே, இது வேறு பிராணி என்று உன் ஆராய்ச்சி சார் சொல்லிவிட்டார். கிடைத்த ஒரே ஆணும் கண்ணாடிச் சில்லில் காய்ந்து நொறுங்கிவிட்டது, நான் பார்த்ததே தப்போ என்னவோ, கட்டுரை கொடுக்க வேண்டிய ஏப்ரல் பதினைந்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்கிறாய்.

நீ பார்த்தது தப்பில்லை. மாற்றியவன் நான்.

பொங்கலுக்கு வந்தபோது, எழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கப்பா, உங்க கை மாதிரி யாருக்கும் வராதுன்னு படத்தைக் கொடுத்தாயே, அன்று அந்தக் கால் கண்ணை உறுத்தியது. இருபத்தெட்டு வருஷமாக அரியலூர் சிமெண்டு லாரிகளுக்குப் பெயர் எழுதி, மயில் வரைந்து கொடுக்கிறேன். நன்றாக வந்தால் எழுதியவன் பேரை ஒருத்தனும் கேட்பதில்லை, ஒரு பக்கத்து மயில் மறு பக்கத்தைவிடக் குட்டையாக இருந்தால் மட்டும் வீட்டு வாசலுக்கு வந்து கத்துவார்கள். என் மகளை யாரும் அப்படிக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். படத்தின் மேல் மெல்லிய காகிதம் வைத்து முழுவதையும் பென்சிலால் எடுத்து, நடுவில் மடித்து, வலது காலை மட்டும் இரண்டு மடிப்பிலும் துளை விழ ஊசியால் குத்தி, விரித்து, கரித்தூள் தட்டி இடது பக்கம் இறக்கினேன். உன் கோட்டைச் சவர பிளேடால் சுரண்டிவிட்டுப் புது மை போட்டேன். நீ பார்க்காமலே சுருட்டி எடுத்துப் போனாய், நானும் சொல்லவில்லை.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது என்ன லாரியா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க, உங்க கை சும்மாவே கெடக்காதா என்று பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம். கால் என்றால் சமமாகத்தான் இருக்கும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வாசலில் டிரைவர் சிங்காரவேலு லாரிக்கு நம்பர் எழுதும்போது காலடியில் ஒரு கல் சிப்பி கிடந்தது, இங்கே கடல் இருந்த காலத்துச் சிப்பி. கீழ் ஓடு கிண்ணம் போல் குழி, மேல் ஓடு தட்டை மூடி. உடைந்ததாக இருக்கும் என்று இன்னொன்று தேடினேன், அதுவும் அப்படியே. என்னண்ணே, மண்ணுல தங்கமா தேடுறீங்க என்று அவன் கேலி செய்தான். பதினேழு பொறுக்கினேன், பதினேழும் அப்படியே. மனிதர் சொன்னால் நான் கேட்பவனில்லை, கல் சொன்னால் என்ன செய்வது.

படம் எடுத்த காகிதத்தை நான் எறிவதில்லை, அது தொழில் பழக்கம். இடது பக்கத்தில் கரிப்புள்ளிக்கு அடியில் நீ வரைந்த நீளக் கால், மூன்று மயிரும் ஒரு கொக்கியுமாக, பென்சில் கோட்டில் அப்படியே இருக்கிறது. இதனுடன் ரெஜிஸ்டர் தபாலில் வருகிறது. இந்தக் கடிதத்தையும் உன் சாருக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல். ஊருக்கு வருவதாக இருந்தால் வேலையை முடித்துவிட்டு வா.

நீ எங்கே இருந்தாலும் நீண்ட ஆயுளோடும் பேரோடும் இரு. காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. மன்னிப்பு என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் நீயாகச் சேர்த்துவிடாதே, நான் எழுதவில்லை. நான் போட்ட கோட்டில் பிசிறு இருந்ததா என்று மட்டும் அவரிடம் கேட்டு எழுது.

உன் அப்பா,
ஆ. அங்கமுத்து