கரி பூசிய இந்தியன்

ரங்கூன், 1966 ஜூலை, சனிக்கிழமை

மகள் ஸ்டெல்லாவைக் கிரேக்கப் பாட்டுப் படத்துக்கு அழைத்துப் போனேன். கடற்கரையில் ஒரே ஆட்டம். அதில் இந்திய வேலைக்காரனாக வந்தவனும் வெள்ளைக்காரன்தான். முகத்தில் கரி பூசிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி உளறினான். கொட்டகையே சிரித்தது. பின்வரிசை ஆள் ஒருவன் எங்களைக் காட்டி, "கலா, கலா" என்றான்; இந்தியர்களைப் பர்மாக்காரர்கள் ஏளனமாகக் கூப்பிடும் சொல் அது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

பசுந்தாங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்: "அப்பா, அந்த வேஷத்துக்கு நம்ம ஆளு ஒருத்தர்கூடவா அவங்களுக்குக் கிடைக்கல?"

"நம்மள யாரும்மா கூப்பிடுவாங்க?" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஸ்கூல் நாடகத்துல எனக்குக் குடுத்திருக்கிற வேலைக்காரி வேஷம் வேணாம். டீச்சர்கிட்ட சொல்லப் போறேன்."

"வேற வேஷம் குடுப்பாங்களா?"

"குடுக்கலைன்னா கீழ உட்கார்ந்து பாக்குறேன்."

தடுக்கத் தெம்பில்லை. தடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.