செருப்பைச் சுற்றி வந்த தாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்பட ஒன்றுமில்லை.

செருப்புப் பார்சல் வந்தது, அளவு சரியாக இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த நம் கட்சிப் பத்திரிகையில் உங்கள் படம் இருந்தது. இந்தப் போரை ஆதரிக்கும் தீர்மானத்தை மேடையில் முன்மொழிந்ததே நீங்கள்தானாம். வல்லரசை எதிர்க்கிற போர் என்பதால் அது புரட்சியாம். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனபோது, "குண்டு யாரு போட்டாலும் சாவறது நம்மள மாதிரி ஆளுங்கதான்" என்று சொன்னவர் நீங்கள். அதை நான் நம்பித் தொலைத்தேன்.

என்னோடு அறையில் இருக்கும் அக்காவின் ஊரில்தான் இந்தப் போரின் குண்டுகள் விழுகின்றன. சலவைக்கூடத்திலும் எனக்குப் பக்கத்து இஸ்திரி மேசை அவருடையது. வீடியோவில் உங்களைப் பார்த்திருக்கிறார் அல்லவா, படத்தைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. என்னோடு இருந்து நம் பேச்சு பழகிவிட்டது, நம் எழுத்துதான் அவருக்குத் தெரியாது.

"உங்கப்பாதானே? என்ன சொல்றாரு?"

"போரை நிறுத்தச் சொல்றாருக்கா."

வாயில் அதுதான் வந்தது. அக்கா அந்தத் தாளை இஸ்திரி போட்டு, சுருக்கம் எடுத்து, கட்டிலுக்கு மேலே தன் மகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு கும்பிடு.

தலைவலித் தைலம் ஒன்று அனுப்புங்கள். வெள்ளைத் தாளில் சுற்றினால் போதும். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு வீடியோவில் கூப்பிடாதீர்கள் அப்பா. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அக்கா காத்திருக்கிறார்.

உங்கள் மகள்