ஆடும் மேஜையில் எழுதியது

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம், மேஜைதான் ஆடுகிறது, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்க்கு எப்போதும்போல ஒரு குறையும் இல்லை.

விஷயம் என்னவென்றால், நீ இருக்கும் நாட்டிலிருந்து எங்கள் கம்பெனிக்குப் புது லிஃப்டுகள் வந்தன, பொருத்திக் கொடுக்க ஒரு இன்ஜினியரும் வந்தார். அவர் பாஷை தெரிந்தவருக்குத்தான் சூப்பர்வைசர் வேலை, யாருக்குத் தெரியும் என்று மேனேஜர் கேட்டதும் என் கை தானாக உயர்ந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் லிஃப்டுக் குழிக்குள் கிரீஸ் பூசியவனுக்கு நாற்காலி ஆசை. அந்தப் பாஷைப் புஸ்தகத்திலிருந்து நீ அன்று சத்தம் போட்டுப் படித்த முதல் பாடம் எனக்கு மனப்பாடம், அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். என் பெயர் இன்னது, எனக்கு ஒரு மகள், அவள் தூரத்தில் இருக்கிறாள் என்று கடகடவென்று ஒப்பித்தேன். அந்த மனிதர் முகம் மலர்ந்து பேச ஆரம்பித்தார், எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். சுவிட்சுப் பெட்டியைக் காட்டி எதையோ கேட்டார், அதற்கும் ஆமாம். கரண்டை நிறுத்தியாச்சா என்று கேட்டிருக்கிறார். நல்லவேளை, தொடுவதற்கு முன் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், எரிந்தது. திட்டவில்லை, தானே போய் மெயினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

தெரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, அது அந்தப் புஸ்தகத்துல இல்லையா என்று அம்மா கேட்டாள். எடுத்துப் பார்த்தேன், இரண்டாம் பாடத்தில் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா, இது சோறு போடுமா என்று உன்னிடம் கத்தினேனே, அந்தப் புஸ்தகத்தை நீ கிளம்பிய மறுநாளே இந்த மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். அந்தப் படிப்புதான் இன்று உன்னை ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்று பேச வைத்திருக்கிறது. அன்று நான் பேசியது தப்பு மகளே, மனதில் வைத்துக்கொள்ளாதே.

பாஷையைக் கற்றுக்கொள்ள மேனேஜர் மூன்று மாதம் தவணை தந்திருக்கிறார். ஞாயிறுதோறும் அரை மணி போனில் சொல்லிக்கொடு, மண்டூகம் என்று திட்டினாலும் பரவாயில்லை. அம்மாவும் கூட உட்காருவாளாம், முந்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் மேஜையைத் திட்டு. முட்டுக்கு அம்மா உன் அலமாரியிலிருந்து வேறொரு புஸ்தகம் கொண்டுவந்தாள், வேண்டாம், ஆடினால் ஆடட்டும் என்று திருப்பி வைக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
இரண்டாம் பாடத்தில் நிற்கும்
உன் அப்பா