இருபத்திரண்டு மாத மகனைத் தகுதியற்றவன் என அறிவிக்கக் கோரி

அனுப்புநர்
ஷெல்பி மெக்வார்ட்டர், பி.ஏ.,
14, காட்டன்மில் சாலை,
பீக்கன் ரிட்ஜ், அலபாமா.

பெறுநர்
தகுதிச் சான்று அலுவலர் அவர்கள்,
பள்ளி விளையாட்டு மன்றம்.

பொருள்: கல்லூரிக் கால்பந்து – என் மகன் ஹட்சன் (22 மாதம்) மூன்று நட்சத்திரத் தடுப்பாட்டக்காரனாக மதிப்பிடப்பட்டது – அவனைத் தகுதியற்றவன் என அறிவித்து, பக்கத்து வீட்டு கெண்ட்ரெல் பெட்வேயின் கல்லூரி இடத்தை மீட்டுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். இரவு மணி ஒன்றே கால். மேற்படி வீரர் இப்போதுதான் தூங்கினார்.

1. கடந்த ஜூலை மாதம் எங்கள் ஊர் பள்ளி மைதானத்தில் ட்ரூலைன் வீரர் மதிப்பீட்டு நிறுவனம் ஒருநாள் தேர்வு முகாம் நடத்தியது. கெண்ட்ரெலின் தாயார் லொரெட்டாவுக்குக் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலை. ஆகவே அவனை நான் காரில் அழைத்துச் சென்றேன். ஹட்சனையும் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன். மைதானத்துக்குள் யார் கால் வைத்தாலும் காப்பீட்டுக்காகப் படிவம் நிரப்ப வேண்டும், தள்ளுவண்டியில் இருப்பவரும் சேர்த்துத்தான் என்று வாசலில் இருந்த அம்மையார் சொன்னார். இரண்டு படிவங்களையும் நானே நிரப்பினேன். கெண்ட்ரெலுக்கு வயது 17. ஹட்சனுக்கும், பிள்ளை பெற்றவர்கள் மாதக்கணக்கில் சொல்லும் பழக்கத்தில், 17 என்றே எழுதினேன். இரண்டு எண் சீட்டுகள் தந்தார்கள். அந்நேரம் ஹட்சன் அழுதுகொண்டிருந்தான். அவனுடைய 74ஐக் கெண்ட்ரெலின் முதுகிலும், கெண்ட்ரெலின் 75ஐ வண்டியிலும் குத்திவிட்டேன். தவறு என்னுடையது. அதை மறைக்க இம்மனு எழுதவில்லை.

2. நவம்பர் முதல் வாரம் மதிப்பீடு வெளியானது. ஹட்சன் மெக்வார்ட்டருக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். படிவத்தில் நான் எழுதிய 2 அடி 9 அங்குலம், 31 பவுண்டு என்பதை எழுத்துப்பிழை என்று கருதி, 6 அடி 4 அங்குலம், 280 பவுண்டு என்று திருத்தியிருந்தார்கள். “எதிரணியை மோதித் தள்ளும் கைகளில் அசாத்திய பலம். இடுப்பில் சற்று இறுக்கம் உள்ளது” என்ற குறிப்பும் இருந்தது.

அதைப் படித்தவுடன் சிரித்திருக்க வேண்டும். நானோ மறுநாளே பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் இரண்டு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். “இடுப்புக்கு ஒண்ணுமில்லம்மா, ஜம்முனு இருக்கு” என்றவர், கதவுவரை வந்து குரலைத் தணித்து, “அது சரி, எந்தக் காலேஜு?” என்றார்.

3. கெண்ட்ரெலின் பக்கத்தை நான் அப்போது பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எண் மாறியது புரிந்திருக்கும். அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்: “படிவத்தில் 6 அடி 4 என்று உள்ளது. வழக்கம்போல மிகைப்படுத்தியிருக்கிறார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். பயிற்சியாளர் அழைத்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. மதியத்துக்குமேல் உறங்கிவிட்டார். ஆர்வம் இல்லை. ஒரு நட்சத்திரம்.” இந்தத் தொழிலில் படிவத்திலுள்ள உயரத்தை ஒருவரும் நம்புவதில்லை, இரண்டு அங்குலம் கழித்துக்கொள்வார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். மூன்றரை அடிக்குமேல் கழித்தது இதுவே முதல்முறையாக இருக்கலாம்.

4. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹட்சனின் மூன்று நட்சத்திரத்தை அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். என் கணவர் வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறார். அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். யாரோ செய்த வேடிக்கையான தவறு, தானே சரியாகிவிடும் என்று பத்து நாட்கள் சும்மா இருந்தேன். அந்தப் பத்து நாளில்தான் ஹேரோ மாநிலக் கல்லூரி, கெண்ட்ரெலுக்கு வாய்மொழியாகத் தந்திருந்த, கட்டணமில்லாமல் படிக்கும் விளையாட்டு இடத்தைத் திரும்பப் பெற்று ஹட்சனுக்கு அறிவித்தது. அதைப் பார்த்து மேலும் ஐந்து கல்லூரிகள் அழைத்தன.

5. உடனே ட்ரூலைன் மதிப்பீட்டாளர் திரு. ரஸ்டி கோபர்னிடம் தொலைபேசியில் பேசினேன். “ஐயா, அவன் கைக்குழந்தைங்க” என்றேன். “மேடம், இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். எந்தத் தாயும் தன் பிள்ளை வளந்துட்டான்னு ஒத்துக்கிட்டதில்ல” என்றார். இன்னும் டயப்பர் கட்டுகிறேன் என்றேன். அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “ஆறு காலேஜ் கேக்குதே, அவங்க எல்லாரும் முட்டாளா?” என்றார். அந்த ஆறு கல்லூரிகளில் இரண்டைக் கேட்டேன். “கோபர்ன் மூணு நட்சத்திரம் போட்டிருக்காரே, பாக்காமயா போட்டிருப்பாரு?” என்றார்கள்.

எழுத்துமூலம் கேட்டதற்கு, வீரரின் கையொப்பமும் பள்ளி மதிப்பெண் பட்டியலும் இல்லாமல் மதிப்பீட்டை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. கையொப்பம் போடக் கொடுத்த கிரேயானை ஹட்சன் தின்றுவிட்டான்.

6. கடந்த வியாழனன்று ஹேரோ கல்லூரித் துணைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். பீக்கன் கொட்டை போட்டு நான் சுட்ட இனிப்புப் பை இரண்டு துண்டு சாப்பிட்டார். “தம்பி எங்க?” என்று கேட்டார். மேசைக்கடியில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தவனைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். “எலும்பு கனமாத்தான் இருக்கு” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

“மேடம், உண்மையச் சொல்றேன். நாங்களா பேரை எடுத்தா மூணு நட்சத்திரம் போயிடும், புதுப் பசங்க தரவரிசையில எங்க காலேஜ் ஏழு இடம் கீழ எறங்கும், தலைமை கோச் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. மன்றம் தகுதி இல்லன்னு சொல்லிட்டா எங்க மேல பழி இல்ல. ஒரே ஒரு காகிதம் வாங்கிக் கொடுங்க. அந்த எடத்துல அப்பவே கெண்ட்ரெல் பேரை எழுதறேன்.” அதுவரை என்ன செய்வது என்றேன். சேர்க்கையைத் தள்ளிவைக்கலாம் என்றார். எத்தனை வருடம் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

7. லொரெட்டா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வேலி ஓரமாக வந்து, “நீ வேணும்னு செய்யலன்னு தெரியும் கண்ணு. ஆனா என் புள்ள மூணு நாளா தட்டுல கை வெக்கல” என்று மட்டும் சொன்னார். 280 பவுண்டு பிள்ளை அது, ஐயா. இந்த இடம் இல்லையென்றால் அவனுக்குக் கல்லூரியே இல்லை. வரும் திங்களன்று அதே கோழித் தொழிற்சாலையில் அவன் சேருவதற்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று மாலை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் சேர ஒப்பமிடும் கையெழுத்து நாளன்று மேசைமேல் வைத்து எடுத்துப் போட்டுக்கொள்ள வாங்கி வைத்திருந்த ஹேரோ தொப்பியை ஹட்சன் தலையில் வைத்தான். அது மூக்கு வரை இறங்கியது. “வாழ்த்துகள்டா குட்டி. இடது பக்கத்துலேந்து வர்றவன மட்டும் பாத்துக்கோ” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான்தான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

8. புதன் காலை ஏழு மணிக்குக் கையெழுத்து. தங்கள் சான்று இல்லாமல் எந்த வீரரும் ஒப்பமிட முடியாது என்பதால் தங்களிடம் வருகிறேன். ஹட்சன் ரே மெக்வார்ட்டர் கல்லூரிக் கால்பந்துக்குத் தகுதியற்றவன் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். காரணம் எதுவானாலும் சம்மதம். அவன் உயர்நிலைப் பள்ளி முடிக்கவில்லை. எழுத்தறிவு இல்லை. பந்தைக் கொடுத்தால் திருப்பித் தர மாட்டான். 74, 75 ஆகிய இரு மதிப்பீடுகளையும் இடம் மாற்றும்படி ட்ரூலைனுக்கும் ஒரு கடிதம் அனுப்பினால் நன்றியுடையவளாவேன். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருத்துவமனையில் எடுத்த பாதத் தடம், தள்ளுவண்டியில் 75 தெரியும் முகாம் புகைப்படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

தன் பிள்ளையைத் தகுதியற்றவன் என்று எழுதித் தரச் சொல்லித் தங்களிடம் எத்தனை தாய்மார் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து செவ்வாய் மாலைக்குள் பதில் போடுங்கள்.

நாள்: 01.12.2024
இடம்: பீக்கன் ரிட்ஜ்

உண்மையுடன்,
ஷெல்பி மெக்வார்ட்டர்
(வீரரின் தாய்)