அப்பா ஏற்றிய கொடி

கேமரன் மலை, மலேசியா
16 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு வேலை இல்லை என்று உன்னைக் கப்பலேற்றி நாலு வருடமாகிறது. நாமக்கல் வெயில் இந்நேரம் பழகியிருக்கும். கொழுந்து எடுக்கும்போது உன் நிரையில் நிற்கும் ஆளைப் பார்த்து நான் இன்னும் ஏமாந்துபோகிறேன்.

நேற்று ரிங்லெட் டவுனில் இந்தியாவின் சுதந்திர தினம் கொண்டாடினார்கள். லோரியில் எல்லோரும் போனோம். இந்தியாவில் பிறந்த பெரியவர்தான் கொடியேற்ற வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் காளியண்ணன் கிராணி அப்பாவைக் கூப்பிட்டார்.

"நான் இந்த நாட்டுப் பிரஜை. நீலக் கார்டு இருக்கு. வேற யாரையாச்சும் கூப்பிடுங்கலா" என்றார் அப்பா.

"பொறந்த மண்ண மறந்துட்டீங்களா பெரியவரே?"

அதைக் கேட்டதும் அப்பாவுக்கு உன் நினைவுதான் வந்திருக்கும். இங்கே தோட்டத்து லயத்து வீட்டில் நீ பிறந்தபோது அவர் உன் பிறப்பைப் பதிந்திருந்தால் உனக்கும் நீலக் கார்டு கிடைத்திருக்கும். அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பிறகு எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்தார். "என் மவன் இருக்கற நாட்டுக் கொடி. நானே ஏத்துறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். கொடி உச்சிக்குப் போன பிறகும் அவர் கயிற்றை விடவில்லை. நான்தான் போய் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

திரும்பும்போது லோரியில் மெதுவாகக் கேட்டார்: "முப்பத்தொண்ணாந்தேதி நம்ம நாட்டு மெர்டேக்கா, சொதந்திர நாள் வருது. அங்க அவனுக்கு யாரும்மா கொடியேத்துவாங்க?"

எனக்கு எழுதுவதுபோல அவருக்கும் நாலு வரி எழுது, அண்ணே. திட்டி எழுதினாலும் சரி, நான் படித்துக் காட்டுகிறேன்.

உன் தங்கை